சினை மாட்டுக்கு ரெண்டு மாசம்

மாடு சினையாகி ஏழு மாசம் ஆச்சுன்னா எங்க பக்கம் பால் கறக்கிறதை நிறுத்திருவோம். கொஞ்சம் கொஞ்சமாக் கறவையைக் குறைச்சு, மடியை வத்த வச்சு, ஈனுறதுக்கு முன்னால முழுசா ரெண்டு மாசம் சும்மா விடணும். கால்நடை டாக்டரும் இதைத்தான் சொல்வார், ஆனா அவர் சொல்லித்தான் தெரியணும்னு இல்லை. அந்த ரெண்டு மாசம் வண்டியில பூட்ட மாட்டோம், மத்த மாடு முட்டிரக் கூடாதுன்னு தனியாக் கட்டுவோம், வெயில் ஏறுறதுக்குள்ள நிழலுக்கு மாத்திருவோம்.

அதே வீட்டு மருமக ஏழு மாசக் கர்ப்பமா இருப்பா. காலைல ஏழு மணிக்கு அவ தூக்குவாளியோட களையெடுக்கப் போயிட்டிருப்பா.

பொம்பளையை மாட்டோட ஒப்பிடுறான்னு கோவிச்சுக்காதீங்க. சம்சாரிக்குத் தெரிஞ்ச கணக்கு இதுதான். மாடு கன்னு வீசிட்டா எவ்வளவு நஷ்டம்னு எங்களுக்கு ரூபாய்ல தெரியும். குறைமாசத்துல ஒரு பிள்ளை பிறந்தா அதை "விதி"ன்னு சொல்லிட்டு அடுத்த வேலையைப் பாக்கப் போயிருவோம்.

37 வாரம் முடியறதுக்கு முன்னால பிறந்தா அது குறைமாசம். 2020-ஆம் வருஷம் மட்டும் உலகத்துல 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்ததா உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து கணக்குச் சொல்லியிருக்காங்க. அதுல 30 லட்சம் நம்ம நாட்டுல. வேற எந்த நாட்டுலயும் இவ்வளவு இல்லை. பட்டணத்துல இருக்கிற என் சொந்தக்காரங்ககிட்ட இதைப் பத்திப் பேசினா உடனே கண்ணாடிப் பெட்டி, வென்டிலேட்டர், லட்சக்கணக்குல பில் இதுலதான் பேச்சு போய் நிக்குது. அந்தப் பெட்டி வேண்டியதுதான், வேண்டாம்னு சொல்லலை. ஆனா எங்க ஊர்ப் பிள்ளைகளோட கதையில பாதி அந்தப் பெட்டிக்கு வர்றதுக்கு ஆறு மாசம் முன்னாலேயே காட்டுலயும் அடுப்பங்கரையிலயும் முடிஞ்சு போகுது. மீதிப் பாதி ஒரே ஒரு ராத்திரியில முடியுது. அந்த ராத்திரியைப் பத்திப் பின்னால சொல்றேன்.

முதல்ல காடு. கரிசக்காட்டுல நிழல்னு தேடினா ஓடைக்கரையில உடை மரமும் சீமைக்கருவேலமும்தான். புரட்டாசியில விதைச்சா ஐப்பசி, கார்த்திகையில களை, தை, மாசியில உளுந்து, பாசி பறிப்பு, அப்புறம் பருத்தி. பருத்தி எடுப்பு மாசி கடைசியில சூடு பிடிச்சுப் பங்குனிக்கு இழுக்கும். வயித்துக்கு மேல மடியைக் கட்டி, அதுல பருத்தி ஏற ஏற முன்னால இழுக்கும். உள்ளே ஒரு பாரம், வெளியே ஒரு பாரம். கறுப்பு மண்ணு வாங்கின சூட்டை அப்படியே முகத்துல அடிக்கும்.

சூடு கர்ப்பத்தை என்ன செய்யும்னு நம்ம மாநிலத்துலயே ஆராய்ஞ்சிருக்காங்க. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்துப் பொதுச் சுகாதாரத் துறையினர் 2017-ல ஆரம்பிச்சு 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனிச்சாங்க. பாதிப் பேர் விவசாயம், செங்கச் சூளை, உப்பளம்னு வெக்கையில வேலை பாக்கிறவங்க. 2024-ல முடிவு வெளிவந்துச்சு. வெக்கையில உழைச்சவங்களுக்குக் கரு கலையறதும் பிள்ளை செத்துப் பிறக்கிறதும் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. குறைமாசமும் எடை குறைவும்கூட அவங்ககிட்டத்தான் அதிகம். அதுக்கு முன்னால இந்த மாதிரி எச்சரிக்கையெல்லாம் வெளிநாட்டுப் பொம்பளைகளை வச்சு எழுதினது. நம்ம தூத்துக்குடி உப்பளத்துலயும் எங்க கரிசல்லயும் நிக்கிறவளுக்கு அது எப்படிப் பொருந்தும்? இது நம்ம ஆளுங்களை வச்சே எடுத்த கணக்கு.

அடுத்தது தண்ணி. இதை எந்தச் சுவரொட்டியிலயும் எழுத மாட்டாங்க. காட்டுல பொம்பளைகளுக்கு ஒதுங்க இடம் கிடையாது. சோளம் நிக்கிற காடுன்னா ஒரு மறைவு உண்டு. உளுந்து முழங்கால் உயரம்தான். ஆம்பளை வரப்போரம் திரும்பி நின்னுக்குவான். பொம்பளை காலையிலேயே தண்ணி குடிக்கிறதை நிறுத்திருவா. குடிச்சாத்தானே போகணும்? பொழுதடைய வீட்டுக்கு வந்துதான் ஒண்ணுக்கே போவா. மாசமா இருக்கிறவளுக்கு இப்படி அடக்கி அடக்கி நீர்ப்பாதையில கிருமி தங்கும். கர்ப்பத்துல அது வலி, எரிச்சல் எதுவும் காட்டாமக்கூட உள்ளேயே இருக்கும். கண்டுபிடிக்காம விட்டா சிறுநீரகம் வரைக்கும் ஏறும், காய்ச்சல் வரும், பிரசவ வலியை முன்கூட்டியே கிளப்பி விடும். ஒரு சிறுநீர் பரிசோதனை, ஒரு வார மாத்திரை. குறைமாசத்தைத் தடுக்கிறதுல இவ்வளவு மலிவான வைத்தியம் வேற இருக்குமான்னு தெரியலை. ஆனா அந்த டப்பாவுல சிறுநீர் பிடிச்சுக் குடுக்க வெக்கப்பட்டுக்கிட்டு "போன மாசம் பாத்தாச்சு"ன்னு சொல்லிட்டு வர்ற பிள்ளைகள் எத்தனை பேர்னு எந்த நர்ஸம்மாவைக் கேட்டாலும் சொல்வாங்க.

மூணாவது ரத்தம். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை. மாத்திரை இல்லாமலா? மாத்திரை பை பையா வருது. அது மச்சுல கிடக்கும். "அதைப் போட்டா பிள்ளை பெருத்துரும், அப்புறம் ஆபரேஷன்தான்"னு ஒரு மாமியார். "பிள்ளை கருப்பாப் பிறக்கும்"னு இன்னொரு மாமியார். ரெண்டும் பொய். இதையும் மீறிப் போடுறவ, காட்டுல பத்து மணி டீயோட சேர்த்து முழுங்குவா. டீ அந்த இரும்புச் சத்தை உடம்புல சேரவே விடாது. அதே மாதிரி சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் இரும்பு மாத்திரையும் ஒரே நேரத்துல போடக் கூடாது. ரத்தம் ரொம்பக் குறைஞ்சவங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இரும்புச் சத்தை ட்ரிப்ஸா ஏத்துறாங்க. அதுக்கு ஒருநாள் கூலி போகும்னு போகாமலே இருந்துருவாங்க.

இதெல்லாம் எல்லாருக்கும் பொது. இதுக்கு மேல சில பேருக்கு ஆபத்து கூடுதல். முந்தின பிள்ளை குறைமாசத்துல பிறந்தவ, ரெட்டைப் பிள்ளை சுமக்கிறவ, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை உள்ளவ, பதினெட்டு ஆகறதுக்குள்ள தாலி ஏறினவ, ஒரு பிள்ளை தவழறதுக்குள்ள அடுத்ததைச் சுமக்கிறவ. இவங்களுக்குன்னு வைத்தியம் இருக்கு. ஆனா அது எல்லாத்துக்கும் ஒரு பருவம் உண்டு. புரட்டாசி விதைப்பைக் கார்த்திகையில விதைச்சா என்ன ஆகும்? அது மாதிரிதான்.

உதாரணத்துக்கு ஆஸ்பிரின். தலைவலிக்குப் போடுற அதே சரக்கு, அளவு மட்டும் கம்மி. ரத்தக் கொதிப்பு ஏறி ஜன்னி வரைக்கும் போற ஆபத்து உள்ள பெண்களுக்கு டாக்டர்கள் இதைத் தினமும் குடுக்கிறாங்க. 2020-ல லான்செட்ல வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுல ஆறு நாடுகள்ல முதல் பிள்ளை சுமக்கிற சுமார் 12,000 பெண்களுக்குக் குடுத்துப் பாத்தாங்க. நம்ம நாட்டுல பெல்காமும் நாக்பூரும் அதுல உண்டு. குறைமாசப் பிரசவம் நூத்துக்கு 11 பங்கு குறைஞ்சுது. ஆனா இதைப் பதினாறு வாரத்துக்கு முன்னால ஆரம்பிக்கணும். எங்க ஊர்ல மூணு மாசம் முடியற வரைக்கும் மாசமா இருக்கிறதை வெளியே சொல்ல மாட்டாங்க, கண்ணு பட்டுருமாம். மூணு முடிஞ்சு, நல்ல நாள் பாத்து, காட்டு வேலை ஓய்ஞ்சு நர்ஸம்மாகிட்டப் பேரைப் பதியறப்போ நாலரை மாசம் ஓடியிருக்கும். ஊர்க் கண்ணுக்குச் சொல்ல வேண்டாம், நர்ஸம்மா காதுல மட்டும் போட்டு வைங்க. (ஆஸ்பிரினைப் படிச்சிட்டு யாரும் கடையில வாங்கிப் போட்டுராதீங்க. யாருக்குன்னு டாக்டர்தான் சொல்லணும்.)

இன்னொண்ணு கர்ப்பப்பை வாய். சில பேருக்கு அது அஞ்சாம் மாசத்துலயே குட்டையாகித் திறக்க ஆரம்பிச்சுரும். வலியே தெரியாது. அஞ்சாம் மாச ஸ்கேன்ல பிள்ளையோட கை கால் பாக்கிறப்பவே அந்த வாயோட நீளத்தையும் அளக்கலாம். குட்டையா இருந்தா புரோஜெஸ்டிரான் மருந்து வைப்பாங்க, வேண்டியவங்களுக்குத் தையல் போடுவாங்க. அந்தத் தையலை 1950-கள்ல உலகத்துக்குச் சொல்லிக் குடுத்தவர் பம்பாய் டாக்டர் ஷிரோட்கர். இன்னைக்கும் உலகம் முழுக்க அவர் பேர்லதான் அதைச் சொல்றாங்க. நம்ம நாட்டு ஆள் கண்டுபிடிச்ச தையல், நம்ம ஊர்ப் பிள்ளைக்கு எட்டாமப் போகக் கூடாது. முந்தின பிரசவம் குறைமாசமா இருந்தா ஸ்கேன் பாக்கிற இடத்துல "வாய் நீளத்தையும் பாருங்க"ன்னு வாயைத் திறந்து கேக்கணும்.

இப்போ அந்த ராத்திரி.

ஏழு, எட்டு மாசத்துல ராத்திரி இடுப்பு பிடிக்கும், வயிறு கல்லு மாதிரி இறுகி இறுகி விடும். வீட்டுப் பெரியவங்க முதல்ல சொல்றது "சூட்டு வலி". சீரகத்தைக் கொதிக்க வச்சுக் குடுப்பாங்க. பொய் வலின்னா நின்னுரும், நிஜ வலின்னா கூடும்னு கணக்கு. நிறைமாசத்துல இந்தக் கணக்கைப் போட்டா பெருசா மோசம் இல்லை. ஏழாம் மாசத்துல இந்தக் கணக்குத்தான் பிள்ளையைக் கொல்லுது. எங்க தெருவுல ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு பிள்ளைக்கு இப்படித்தான் ராத்திரி பத்து மணிக்கு வலி. சீரகத் தண்ணி ரெண்டு தடவை. வெள்ளன பாத்துக்கலாம்னு இருந்துட்டாங்க. விடியக் காலம் ஆம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த அரை மணி நேரத்துல பிரசவம். ஒண்ணே கால் கிலோ. டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "வலி எப்போ ஆரம்பிச்சது?" ஏன் கேட்டாருன்னா, அந்த ராத்திரிக்குள்ள போட வேண்டிய ஊசி ஒண்ணு இருந்துச்சு.

அந்த ஊசியோட கதை ஆட்டுல ஆரம்பிக்குது. நியூசிலாந்துல ஆக்லாந்துல லிக்கின்ஸ்னு ஒரு மகப்பேறு டாக்டர். பிரசவத்தைத் தொடங்கி வைக்கிறது எதுன்னு கண்டுபிடிக்க செம்மறி ஆடுகளை வச்சு ஆராய்ஞ்சுக்கிட்டிருந்தார். ஒரு வகை ஸ்டீராய்டு மருந்து குடுத்த குட்டிகள் நாள் நிறையறதுக்கு ரொம்ப முன்னாலேயே பிறந்துச்சு. அப்படிப் பிறந்த குட்டி மூச்சு விட முடியாமச் செத்துரணும். கிடை போடுறவன் எவனைக் கேட்டாலும் சொல்வான், குறைக்குட்டி நெஞ்சு விரியாமத் துடிச்சுச் சாகும். இந்தக் குட்டிகள் மூச்சு விட்டுச்சு. மருந்து நுரையீரலை முன்கூட்டியே பழுக்க வச்சிருக்குன்னு புரிஞ்சுக்கிட்டார். 1969-ல அதை எழுதினார். 1972-ல ஹோவிங்கிற குழந்தை டாக்டரோட சேர்ந்து பெண்களுக்குக் குடுத்துப் பாத்த முடிவையும் வெளியிட்டார். பிள்ளைகள் பிழைச்சுது.

நம்ம மாதிரி நாட்டுக்கு இது சரிப்படுமான்னு ரொம்ப நாள் வாக்குவாதம் ஓடுச்சு. 2020-ல உலக சுகாதார நிறுவனம் இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா மருத்துவமனைகள்ல டெக்சாமெத்தசோன் ஊசி குடுத்துப் பாத்து முடிவு சொல்லிருச்சு: 25 பெண்களுக்குப் போட்டா ஒரு பிள்ளை உயிர் மிச்சம். விலை ரொம்பக் கம்மியான மருந்து. 24 வாரத்துல இருந்து 34 வாரத்துக்குள்ள வலி வந்தவங்களுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒண்ணா நாலு ஊசி. முதல் ஊசியைக் கிராம செவிலியரே போட்டுட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்னு மத்திய அரசு 2014-லயே வழிகாட்டுதல் போட்டிருக்கு. ஆனா ஊசி வேலை செய்ய நேரம் வேணும். ஒரு நாள், ரெண்டு நாள் கிடைச்சா நல்லது. சில மணி நேரம் கிடைச்சாலும் ஒண்ணுமில்லாததுக்கு மேல். சீரகத் தண்ணி குடிச்சுக்கிட்டு உக்காந்திருந்த அந்த ஏழெட்டு மணி நேரம், ஒரு நுரையீரலுக்கு எவ்வளவு பெரிய அவகாசம்!

அந்தப் பிள்ளை பிழைச்சுது. ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில. அவங்கப்பன் ரெண்டு ஆட்டையும் ஒரு கம்மலையும் வித்தான். இப்போ எங்க வீட்டுத் திண்ணையிலதான் விளையாடுது, கண்ணாடி போட்டுக்கிட்டு.

"ஏழாம் மாசத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாசத்துப் பிள்ளை பிழைக்காது"ன்னு எங்க பக்கம் இன்னும் சொல்றவங்க இருக்காங்க. இதை நம்பி எட்டாம் மாச வலியில கையை விரிச்சவங்களும் உண்டு. ஒவ்வொரு வாரமும் கூடுதலா வயித்துல இருக்கிறது பிள்ளைக்குக் கூடுதல் பலம், அவ்வளவுதான். இதுல பட்டணத்துக்காரங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. 2019-21 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல நூத்துக்கு 45 பிரசவம் ஆபரேஷன். அதுல நட்சத்திரம் பாத்து, ஜோசியர் குறிச்ச நேரத்துக்குப் பிள்ளையை ரெண்டு வாரம் மூணு வாரம் முன்னால எடுக்கச் சொல்றவங்க யாருன்னு உங்களுக்கே தெரியும். காரணம் இல்லாம 39 வாரத்துக்கு முன்னால தேதி குறிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னா அவர்கிட்டச் சண்டை போடாதீங்க.

மணியாச்சியை உங்கள்ல நிறையப் பேர் ரயில்ல பாத்திருப்பீங்க. வாஞ்சிநாதன் 1911-ல கலெக்டர் ஆஷைச் சுட்ட ஸ்டேஷன். தூத்துக்குடிக்குப் பிரியற ஜங்ஷன். ரயிலுக்கு ஜங்ஷன், பிரசவத்துக்கு இது நடுக்காடு. கோவில்பட்டி, தூத்துக்குடி, திருநெல்வேலி, மூணுமே ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். எந்தப் பக்கம் போறதுங்கிறதை ஆம்புலன்ஸ் வந்து வாசல்ல நின்ன பிறகு பேசக் கூடாது. ஏழு மாசக் கர்ப்பத்துல வலின்னா பச்சைப் பிள்ளைக்குத் தீவிர சிகிச்சை உள்ள இடத்துக்கு நேராப் போகணும். பக்கத்துல எங்கேயாவது பெத்துட்டுப் பிள்ளையைத் துணியில சுத்தித் தூக்கிட்டு ஓடுறதைவிட, வயித்துக்குள்ள வச்சே கொண்டு போறது ஆயிரம் மடங்கு பத்திரம். தாய் வயித்தைவிட நல்ல கண்ணாடிப் பெட்டி இன்னும் யாரும் செய்யலை.

வளைகாப்பைப் பத்தியும் சொல்லணும், ஆச்சிமார் திட்டினாலும் பரவாயில்லை. ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டு, தலைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அனுப்புறது நல்ல வழக்கம். மாமியார் வீட்டு வேலையில இருந்து ஒரு பிள்ளை தப்பிக்க நம்ம சமுதாயம் கண்டுபிடிச்ச ஒரே மகப்பேறு விடுப்பு அது. ஆனா ஆபத்து அதிகமாகிற சரியான அந்த வாரத்துல அவளைப் பாத்துக்கிட்டிருந்த நர்ஸம்மா மாறிடறாங்க, டாக்டர் மாறிடறாரு. ரத்தக் கொதிப்பு எவ்வளவு இருந்துச்சு, முந்தின கர்ப்பம் என்ன ஆச்சுன்னு புது ஊர்ல யாருக்கும் தெரியாது. வளையல், பலகாரத் தட்டு, பட்டுப் புடவை எல்லாம் கார்ல ஏறும். மருத்துவ அட்டை மாமியார் வீட்டு அலமாரியில கிடக்கும். பிக்மி நம்பரையும் அட்டையையும் முதல்ல ஏத்துங்க. போய்ச் சேர்ந்த மறுநாளே அந்த ஊர் நர்ஸம்மாவைப் பாக்கணும். ஒவ்வொரு மாசமும் 9-ம் தேதி அரசு மருத்துவமனைகள்ல கர்ப்பிணிகளை மகப்பேறு டாக்டர் பாக்கிற ஏற்பாடு 2016-ல இருந்து இருக்கு. அதுல ஒரு தேதியையும் விடக் கூடாது.

கடைசியா காசு. தமிழ்நாட்டு அரசு ஊழியரா இருந்தா ஒரு வருஷம் சம்பளத்தோட மகப்பேறு விடுப்பு. நல்ல விஷயம். களையெடுக்கிறவளுக்கு முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல ரொக்கம், சத்துப் பெட்டகம் எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய். ஒருநாள் கூலி 300-னு வச்சா அறுபது நாள். கவனிச்சீங்களா, சினை மாட்டுக்குக் குடுக்கிற அதே ரெண்டு மாசம்! 1987-ல 300 ரூபாய்ல ஆரம்பிச்ச திட்டம் இவ்வளவு தூரம் வந்திருக்கு, குறை சொல்லலை. ஆனா அதுல ரொக்கத்தோட பெரும்பங்கு பிரசவத்துக்கு அப்புறம்தான் வருது. அவ வெயில்ல நிக்காம இருக்க வேண்டியது அதுக்கு முன்னால. ஆபத்து உள்ள கர்ப்பம்னு எழுதி வச்ச பெண்களுக்காவது ஒரு பெரிய தவணையை ஏழாம் மாசத் தொடக்கத்துல குடுங்கன்னுதான் நான் கேக்குறேன். அதுக்காகப் படுத்த படுக்கையா இருக்கணும்னு அர்த்தம் இல்லை. முழு நேரமும் படுத்துக் கிடந்தா குறைமாசம் தடுபடும்கிறதுக்கு ஆதாரமே கிடையாது, கால்ல ரத்தம் கட்டுற ஆபத்துதான் கூடும். வெக்கை, பாரம், நாள் முழுக்கக் குனிஞ்சு நிக்கிறது, இந்த மூணும் வேண்டாம். மத்தபடி நடமாட்டம் இருக்கட்டும்.

அரசாங்கம் செய்யற வரைக்கும் நிலம் வச்சிருக்கிறவன் செய்யக் கூடியது ஒண்ணு இருக்கு. போன தையில எங்க காட்டுல வேலைக்கு வந்த ஒரு மாசமான பிள்ளையை வேப்ப மரத்தடியில உளுந்து புடைக்கப் போட்டோம். குடிக்கத் தண்ணி, பக்கத்துல பம்புசெட் ரூம்ல கதவுள்ள கக்கூஸ். கூலி மத்தவங்களுக்கு உள்ள அதே கூலி. ரெண்டாம் நாளே மத்த பொம்பளைங்க கேட்டாங்க: "நிழல்ல உக்காந்திருக்கவளுக்கும் அதே கூலியா மொதலாளி?" நான் பதில் சொல்றதுக்குள்ள கூட்டத்துல மூத்த மதினி ஒருத்தங்க, "நீ மாசமா இருந்தப்போ உனக்கு இந்த நிழல் கிடைச்சிருந்தா உன் மூத்த பிள்ளை இருந்திருப்பான்ல"ன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் யாரும் பேசலை, பறிப்பு நடந்துச்சு. சாயங்காலம் கூலி வாங்கறப்போ, அந்தக் கேள்வி கேட்டவதான் புடைச்ச உளுந்து மூட்டையைத் தூக்கி வண்டியில வச்சா.